எல்லாம் மகசீர்தான் என்று சொன்ன துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி வடிநிலத்து மீன்வளத்துறை, வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் ஊர்ப் படித்துறையில் நடந்த மீன்குஞ்சு விடும் விழாவைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். பந்தல், பொன்னாடை, புகைப்படக்காரர் எல்லாம் நேரத்துக்கு வந்துவிட்டன. ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பாலித்தீன் பைகள் மட்டும் உரைகள் முடியும்வரை வெயிலில் கிடந்தன. பையை ஆற்றில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் நீரும் ஆற்று நீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அவிழ்க்க வேண்டும் என்பது பண்ணைக் குட்டை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இங்கே வாயைக் கிழித்து ஒரே வீச்சில் கொட்டினார்கள். எத்தனையோ குஞ்சுகள் வயிறு மேலாகக் கரையோரம் ஒதுங்கின. இவை எந்த இனம், எந்த ஆற்றுச் சினைமீனின் குஞ்சுகள் என்று கேட்டேன். “எல்லாம் மகசீர்தான்” என்று பொறுப்பாகப் பதில் சொன்னார் பொறுப்பில் இருந்தவர்.

மகசீர் என்பது ஒரே மீன் அல்ல; பல பெரிய ஆற்றுமீன் இனங்களின் பொதுப்பெயர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீரை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்ததில் அந்தப் பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலா மீன்பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் விடப்பட்டது. அதன் தாயகம் கிருஷ்ணையின் மேற்பகுதி. நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். ஆனால் இங்கே ஏற்கெனவே வாழ்ந்த மீன் எது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்டு உலகப் புகழ் பெற்ற கூன்முதுகு மகசீருக்கு, அது டோர் ரெமாதேவி என்ற அறிவியல் அடையாளம் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் ‘மிக அருகிய இனம்’ என்ற முத்திரையும் சேர்ந்து வந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோர் தூண்டில் முகாமின் குறிப்பேடுகளை இன்னொரு முறை நினைவூட்ட அனுமதியுங்கள். 1998 முதல் 2012 வரை அங்கே தூண்டில் போட்டவர்கள் பிடித்துத் திரும்ப விட்ட மீன்களின் எடையை எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கில் கூன்முதுகு மகசீரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சிக்கியவற்றின் சராசரி எடையோ கூடிக்கொண்டே போகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் மீன் நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று மகிழ்ந்திருப்பார். இளம் மீன்கள் வரவில்லை என்பதுதான் அதன் பொருள்; பிள்ளைகள் எல்லாம் போய்க் கிழவர்கள் மட்டும் திண்ணையில் மிஞ்சிய ஊரைப் போல. நீலத்துடுப்பின் கணக்கு அதே காலத்தில் ஏறியது. தூண்டில் நின்றதும் அந்தக் கணக்கும் நின்றது. அதற்குப் பின் அந்த நீர்ப்பகுதியில் எந்தத் துறை எண்ணுகிறது? எண்ணியிருந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள்.

முதலில் ஆய்வு, பிறகு குஞ்சு. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

நீலகிரியிலிருந்து இறங்கும் மோயாற்றில் எஞ்சியிருக்கும் கூன்முதுகு மகசீர்கள் எந்த மடுக்களில் இருக்கின்றன, மழைக்காலத்தில் எந்தக் கூழாங்கல் படுகைக்கு ஏறி முட்டையிடுகின்றன என்று தெரிய வேண்டும். மின்நிலையத்திலிருந்து திடீரென வந்து திடீரென நிற்கும் தண்ணீர் அந்த முட்டைகளை என்ன செய்கிறது என்று மின்வாரியத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். சினைமீனாக எடுக்கும் ஒவ்வொன்றின் துடுப்பிலும் நகக்கண் அளவு வெட்டி மரபணு பார்க்காமல் ஒரு முட்டையைக்கூடப் பொரிக்க வைக்கக் கூடாது. பரிசல்காரர்களையும் வலைக்காரர்களையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மடுக்களின் ஆழம் அவர்களுக்குத்தான் தெரியும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு முடிக்க வேண்டிய திட்டத்தில் இது அடங்காது என்பது புரிகிறது. மகசீர் நிதியாண்டு பார்த்துச் சினை பிடிப்பதில்லை. அதற்கு ஒரு குறிப்பாணை அனுப்பிப் பார்க்கலாம்.

சொல்லத் தொடங்கினால் நிற்காது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சந்தையில் கூவி விற்கப்படுகிறது. தோட்டா போட்டு மீன் பிடிப்பவர் யார் என்று ஊருக்கே தெரியும், காவல் நிலையத்துக்கு மட்டும் தெரியாது. மணல் அள்ளிய குழிகளைப் பற்றி எழுதினால் இந்த மடல் வேறு எங்கோ போய்விடும். மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

அடுத்த விழாவுக்குத் தேதி குறிக்கும் முன், விடப்போகும் குஞ்சுகளின் இனம், சினைமீன் எடுத்த இடம், மரபணுச் சோதனை முடிவு மூன்றையும் பொதுவில் வையுங்கள். அவை கையில் இல்லையென்றால் விழாவைத் தள்ளிவைத்து அந்தப் பணத்தை மோயாற்று ஆய்வுக்குக் கொடுங்கள். முதலில் ஆய்வு, பிறகு குஞ்சு. தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை அன்போடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
காவிரிக் கரையில் வசிக்கும் ஒருவன்