கூரை ஒழுகாது என்று எழுதிக் கொடுத்து விற்ற பழைய கேரவன் பற்றிய புகார்

நாள்: 02-12-2024
இடம்: திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பழைய வாகன விற்பனைப் பிரிவு,
பெங்களூர்.

பொருள்: 26-08-2024 அன்று வாங்கிய இழுவைக் கேரவனில் மறைக்கப்பட்ட நீர்க்கசிவுச் சேதம், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வகையைச் சேர்ந்த, 2017-இல் கட்டப்பட்ட பழைய கேரவன் ஒன்றைத் தங்கள் நிறுவனத்திடமிருந்து ரூ. 3,85,000 விலைக்கு, நேரில் பார்க்காமல், தாங்கள் அனுப்பிய படங்களையும் எழுத்துமூலமான பதில்களையும் நம்பி வாங்கினேன். லாரியில் ஏற்றி அனுப்புவதற்காக மேலும் ரூ. 46,000 தங்களிடமே செலுத்தினேன். அந்த வண்டியின் தரைப்பலகையும் பக்கச் சுவர்களின் அடிச்சட்டங்களும் பல ஆண்டுகளாக இறங்கிய மழைநீரால் மக்கிப் போயிருக்கின்றன. இந்தச் சேதம் விற்பனைக்கு முன்பே தங்கள் பணிமனையில் தெரிந்திருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

இந்த வண்டியை நான் ஏன் வாங்கினேன் என்பதைத் தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். வரும் தை மாதத்தில் என் தந்தையாருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்ய நாள் குறித்திருக்கிறோம். என் தாயாருக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால் அவரால் குந்தி உட்கார முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாய்ந்து படுக்காமல் இருக்கவும் முடியாது. கபிஸ்தலம், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் திருக்கடையூர் போய்ச் சேர்வதற்குள் அவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை வழியில் எங்கே கிடைக்கும் என்பது வீட்டில் ஒவ்வொரு பயணத்தின்போதும் எழும் கேள்வி. அதனால் கடந்த மூன்று ஆண்டுகளாக அவர் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை; வேதாரண்யத்தில் இருக்கும் தம் தங்கையைக் கூடப் பார்க்கவில்லை. உள்ளேயே கட்டிலும் உயரமான கழிப்பறையும் இருக்கும் வண்டியைப் புதிதாகச் செய்யும் வசதி எனக்கில்லை. ஆகவேதான் பழையதைத் தேடினேன்.

பெங்களூருக்கு நேரில் வந்து பார்த்திருக்கலாமே என்று தங்கள் அலுவலர் நவம்பரில் கேட்டார். ஆகஸ்டு மாதம் காவிரிப் படுகையில் எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை இந்த ஆண்டு ஜூலை 28-இல்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. அதன் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவது, உழுவது, அண்டை வெட்டுவது என்று எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. நாற்றை விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூர் போக எந்த விவசாயியாலும் முடியாது. இதையும் நான் அப்போதே சொன்னேன். “தாங்கள் வரத் தேவையில்லை, தங்கள் கண்ணாக நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், நூற்றிருபது இடங்களில் சோதித்த அறிக்கை தருகிறோம்” என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்போம். இவை எதையும் செய்ய முடியாத தூரத்தில் இருந்தவனுக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

ஆகஸ்டு 19-ஆம் நாள் மின்னஞ்சலில் நான் ஐந்து கேள்விகளை எழுதியிருந்தேன். அவற்றில் முதலாவது, கூரையிலோ சன்னல் ஓரங்களிலோ எப்போதாவது தண்ணீர் இறங்கியிருக்கிறதா, தரை எங்காவது மெத்தென்று அமிழ்கிறதா என்பது. இதை முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெயர் பெற்ற பகுதியில் இருப்பவன், கூரையைப் பற்றிக் கேட்காமல் எதையும் வாங்க மாட்டான். மறுநாள் வந்த பதிலில், “கூரையில் ஒழுகல் இல்லை, இதுவரை ஒழுகியதும் இல்லை, தரை முழுவதும் உறுதியாக உள்ளது” என்று தங்கள் அலுவலர் எழுதியிருக்கிறார். சோதனை அறிக்கையிலும் கூரை, தரை, உட்சுவர் ஆகிய மூன்றுக்கும் ‘நன்று’ என்றே குறிக்கப்பட்டுள்ளது. அந்த இரண்டு ஆவணங்களின் நகல்களையும் இணைத்துள்ளேன்.

வண்டி செப்டம்பர் 14-ஆம் நாள் வந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உள்ளே நறுமணத் தெளிப்பானின் வாசனை தலைவலிக்கும் அளவுக்கு இருந்தது. சுவர்களில் புத்தம் புதிய பூவேலை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. பழைய வண்டியைச் சுத்தமாக்கித் தந்திருக்கிறார்கள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். என் தாயார் கைப்பிடியைப் பிடித்து ஏறி, கட்டிலில் சற்று நேரம் படுத்துப் பார்த்துவிட்டு, வேதாரண்யத்துக்குத் தொலைபேசி செய்து தாம் வரப்போவதாகச் சொன்னார்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முதல் பெருமழை பெய்தது. இரவு முழுவதும் பெய்து விடிந்தபோது, பின்பக்க இடது மூலையில் சன்னலுக்கு மேலிருந்து ஸ்டிக்கரின் அடியில் தண்ணீர் பை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கழிப்பறை வாசலில் கால் வைத்தபோது தரை அமிழ்ந்தது. அக்டோபர் 22-ஆம் நாள் எங்கள் ஊர்த் தச்சரை அழைத்து வந்து காட்டினேன். வீடுகளுக்குக் கதவு நிலையும், நெல் கொட்டிவைக்கும் பத்தாயமும் செய்து பழகிய அவருக்கு ஈரத்தில் மரம் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தரையின் வினைல் விரிப்பை ஓரத்தில் தூக்கியதும், அடியில் இருந்த பிளைவுட் ஊறவைத்த அவல் போல அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. கழிப்பறை வாசலிலிருந்து பின்சுவர் வரை ஏறத்தாழ நான்கடி நீளத்துக்குத் திருப்புளியை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்குகிறது. சுவரின் உட்பலகையை ஒரு முழ அகலத்துக்குக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே நிற்கும் மரச்சட்டங்களின் அடிப்பாகம் கறுத்துப் பொடியாகியிருந்தது; தெர்மாகோல் அட்டைகளில் பூஞ்சணம் வரிவரியாகப் படர்ந்திருந்தது.

இத்தகைய வண்டிகளில் இது எப்படி நிகழ்கிறது என்பதைத் தங்கள் பணிமனையினர் என்னைவிட நன்றாக அறிவார்கள். கூரைத் தகடும் சுவர்த் தகடும் சேரும் விளிம்பில் பூசிய பசை சில ஆண்டு வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அந்தக் கீறல் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஓடி, அடியில் தரைப்பலகையின் விளிம்பில் தேங்குகிறது. சுவர்கள் தரைப்பலகையின் அந்த விளிம்பில்தான் திருகப்பட்டிருக்கின்றன. பலகை மக்கிவிட்டால் திருகுக்குப் பிடிப்பு இல்லை. நெடுஞ்சாலையில் குலுங்கி ஓடும் வண்டியில் சுவர் தரையை விட்டு விலகும். ஆகவே இது மேலே கொஞ்சம் பசை பூசிச் சரிசெய்யும் குறையன்று. முதியவர்களை ஏற்றிவைப்பதற்கே தகுதியில்லாத நிலை. ஒரே பருவ மழையில் மரம் இப்படி ஆகாது, குறைந்தது நான்கைந்து மழைக்காலம் இறங்கியிருக்க வேண்டும் என்று தச்சர் எழுதித் தந்த குறிப்பையும் இணைத்துள்ளேன்.

இது தங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்வதற்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. வெடித்துச் சுருண்ட பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய வெள்ளைச் சிலிக்கான் பூசப்பட்டிருக்கிறது. பூசியவர் கீறலைப் பார்த்துத்தான் பூசியிருக்க முடியும். ஸ்டிக்கரை உரித்தால், தண்ணீர்க் கறை படிந்த சுவரின் மேல் அது நேராக ஒட்டப்பட்டிருப்பது தெரிகிறது. கழிப்பறை வாசலில் வினைல் விரிப்பின் அடியில், தரை அமிழ்வது காலுக்குத் தெரியாதபடி ஒரு மெல்லிய தகடு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகட்டில் துரு ஏறவேயில்லை. இந்த மூன்றாவதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. தகடு வைத்த கை தரையின் நிலையை அறிந்த கை. தரை அமிழ்கிறதா என்று நான் கேட்டிருந்த கேள்விக்கு அந்த இடத்தில் பதில் மூடிவைக்கப்பட்டிருந்தது.

டயர்களைப் பற்றியும் எழுத வேண்டும். “எண்பது விழுக்காடு பட்டன் உள்ளது” என்று அறிக்கையில் எழுதியிருந்தீர்கள். பட்டன், அதாவது சாலையில் பதியும் மேற்பரப்பின் தடிப்பு, இருக்கிறது, உண்மைதான். ஆனால் தஞ்சாவூரில் டயர்க் கடைக்காரர் பக்கச்சுவரில் பொறித்திருந்த 2113 என்ற எண்ணைக் காட்டினார். 2013-ஆம் ஆண்டின் இருபத்தோராவது வாரத்தில் தயாரானது என்பது அதன் பொருள். அதாவது டயர் வண்டியைவிட நான்கு ஆண்டு மூத்தது. ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் பட்டன் தேயாது. ரப்பர் மட்டும் காய்ந்து வெடிக்கும். பக்கச்சுவர் முழுவதும் விரல்நகம் நுழையும் வெடிப்புகள் இருக்கின்றன. தாங்கள் அனுப்பிய நாற்பத்தாறு படங்களில் டயரின் முகம் தெரியும் படங்கள் நான்கு உண்டு. பக்கச்சுவர் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை.

ஆவணங்களும் இன்றுவரை முழுமையாக வரவில்லை. வண்டி கர்நாடகப் பதிவில் உள்ளது. அதைத் தஞ்சாவூர் வட்டார அலுவலகத்தில் டி.என். 49 வரிசைக்கு மாற்ற, கர்நாடகப் பதிவு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவர் அந்தச் சான்றை 45 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கெடு அக்டோபர் 10-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய உரிமையாளரின் ஃபைனான்ஸ் கடன் குறிப்பும் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. பழைய வாகன விற்பனையாளர்கள் 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. தங்கள் அங்கீகாரச் சான்றின் எண்ணைப் பதிலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அக்டோபர் 24-ஆம் நாள் படங்களுடன் தங்களுக்குப் புகார் அனுப்பினேன். இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டிய தாங்கள், பதினெட்டு நாள் கழித்து இரண்டு வரிப் பதில் அனுப்பினீர்கள். வண்டியைச் சோதிக்கத் தரப்பட்ட ஏழு நாள் முடிந்துவிட்டது என்பது ஒரு வரி. வண்டி “உள்ளது உள்ளபடி” விற்கப்பட்டது என்பது மற்றொன்று. அந்த ஏழு நாளில் ஒரு சொட்டு மழையும் இல்லை. ஸ்டிக்கரை உரித்தும் சுவரைக் கழற்றியும் பார்க்காத எவருக்கும் அந்தக் குறை அப்போது தெரிந்திருக்காது. உள்ளது உள்ளபடி என்பதைப் பொறுத்தவரை, பழைய பொருள் பழையதாக இருப்பதை நான் ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். அடுப்பின் ஒரு திரி எரியவில்லை, பின்விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது, ஜீப்பில் பூட்டும் கொக்கிப் பந்தை அனுப்ப மறந்துவிட்டீர்கள். இவை எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லாமல், இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சொற்றொடரைக் கேடயமாகப் பிடிப்பதை ஏற்க முடியாது.

ஆகவே இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் வண்டியைத் தங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, விலையும் லாரிச் செலவும் சேர்ந்த ரூ. 4,31,000-ஐ என் வங்கிக் கணக்குக்கு அனுப்பக் கோருகிறேன். நவம்பர் மாதத் தொலைபேசிப் பேச்சில் தங்கள் அலுவலர் ரூ. 25,000 தள்ளித் தருவதாகவும், நானே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தரையையும் சுவர்ச் சட்டங்களையும் மாற்றுவது வண்டியைப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம் என்பதால் அதை ஏற்க மறுக்கிறேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று மேற்சொன்ன 2020 விதிகள் கூறுகின்றன. குறித்த நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவு நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். பொருளுக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் அதற்குக் கட்டணமும் கிடையாது. அந்த நிலைக்குப் போகாமல் முடிவதையே நான் விரும்புகிறேன்.

வண்டி இப்போது எங்கள் களத்து மேட்டில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கிறது. கழற்றிய பலகைகளையும் அந்தத் தகட்டையும் எறியாமல் உள்ளேயே வைத்திருக்கிறேன். தாங்கள் அனுப்பும் லாரி ஊருக்குள் இருக்கும் வாய்க்கால் பாலத்தைத் தாண்ட முடியாது. செப்டம்பரில் செய்தது போலப் பெரிய சாலையிலேயே நிறுத்தினால் டிராக்டரில் பூட்டி அங்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். தையில் சம்பா அறுவடை தொடங்கியதும் நெல் கொட்ட அந்தக் களம் வேண்டும் என்பதால், மார்கழி முடிவதற்குள் லாரி வரும் நாளை இரண்டு நாட்கள் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மின்னஞ்சல் நகல்கள், சோதனை அறிக்கை, பணம் செலுத்திய ரசீதுகள், சேதத்தின் படங்கள், தச்சரின் குறிப்பு, டயர் எண்ணின் படம்.