காலண்டருக்குப் பின்னால் இருந்த ஓட்டை

அன்புள்ள தம்பிக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டு நீ போன மறுநாள் மாடி வீட்டைக் கூட்டப் போனேன். ஹாலில் மீனாட்சி படம் போட்ட காலண்டர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாய் போல என்று கழற்றினால், பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. டிவி ஸ்டாண்டு பிய்த்துக்கொண்டு வந்த இடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அன்றைக்கு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் யோசித்தால், நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அது செங்கல் சுவரே இல்லை. ஹாலை இரண்டாகப் பிரித்தபோது, கீழே பீம் இல்லாத இடத்தில் பாரம் ஏற்ற வேண்டாம் என்றார் இன்ஜினியர். இரண்டடிக்கு ஒரு தகரச் சேனல் நிறுத்தி, இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் போர்டு, அதாவது இரண்டு தாளுக்கு நடுவில் ஜிப்சம் வைத்த பலகை, அடித்தோம். உள்ளே வெறும் காற்று. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் பிடித்து நிற்கும். அதன் பின்னால்தான் சேனல். நீ இரண்டு சேனலுக்கு நடுவில் மாட்டிவிட்டாய்.

இந்தத் துக்கடா வேலைக்கு மதுரையில் ஆள் பிடித்துப் பார். ஒரு நாள் கூலி கொடுத்தால் வருகிறேன் என்கிறார்கள். சரி, நாமே செய்வோம் என்று பேப்பரைத் திணித்து, மேலே சுவருக்குப் போடும் பட்டியை அப்பினேன். கதவை நாலு தடவை சாத்தியதும் சுற்றிலும் கீறல் விட்டது.

பெயின்டர் ஒருவர் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். ஓட்டையைச் சதுரமாக அறுத்து, ஓரத்தில் பிசிறாக நின்ற போர்டுத் தாளை வெட்டினேன். உள்ளே இரண்டு பிளைவுட் பட்டைகளை நுழைத்து முன்னாலிருந்து ஸ்க்ரூ போட்டேன். பரணில் கிடந்த மிச்ச போர்டில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அதன்மேல் பொருத்தினேன். இடுக்குகளில் பேப்பர் டேப், அதன்மேல் போர்டுக்கென்றே விற்கும் ஜாயின்டிங் பட்டி மூன்று கை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. ஒரு கைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ராத்திரி காய வேண்டும். உப்புத்தாள் தேய்த்த தூசியில் தலை நரைத்துப்போனது. ஏற்கெனவே பாதி நரைதான். ஒட்டு மட்டும் பளிச்சென்று தெரியாமலிருக்க பிரைமர் அடித்து, சுவர் முழுக்கவே பெயின்ட் அடித்துவிட்டேன்.

இப்போது கணக்கு. காலி செய்தால் பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர்ப் பழக்கம். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலோ, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆணி ஓட்டைகளையும் நான் எண்ணவில்லை. டேப், ஸ்க்ரூ, ஜாயின்டிங் பட்டி மூன்றுக்கும் 680 ரூபாய். போர்டுச் சுவர் என்று சொல்லாத குற்றத்துக்குப் பாதி என்னுடையது. 340 போக மீதி அட்வான்ஸை அனுப்பிவிட்டேன்.

காலண்டர் என்னிடம் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போ.

இப்படிக்கு,
கீழ்வீட்டு அக்கா