சுவரிலிருந்து இறங்கிய படம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதாக எழுதியிருந்தாய். மாடிப்படி ஏறாமல் இரு, பாதி வலி போய்விடும். இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுவரில் இருந்த படங்களையெல்லாம் இறக்கிக் கட்டில் மேல் அடுக்கியிருக்கிறோம். எதைத் திரும்ப மாட்டுவது என்று எனக்கும் அவளுக்கும் தினமும் வழக்கு.

சட்ட வாத்தியார் அரசியலுக்குப் போனால் தேறுவாரா என்று கேட்டிருந்தாய். படங்களைப் பார்த்ததும் எனக்குப் போர்ச்சுகலின் ஃப்ரெய்டஸ் டு அமரால் நினைவுக்கு வந்தார். லிஸ்பனில் நிர்வாகச் சட்டப் பேராசிரியர். அவருக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் மார்செலோ கயேட்டானோ, சலாசருக்குப் பின் வந்த கடைசி சர்வாதிகாரப் பிரதமர். 1974 ஏப்ரல் 25 அன்று ராணுவ இளம் அதிகாரிகள் அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். குரு பிரேசிலுக்கு நாடுகடந்து போனார். சிஷ்யர் அதே ஜூலையில், 33 வயது நிறைவதற்குள், சி.டி.எஸ். (ஜனநாயக சமூக மையம்) என்ற கட்சியைத் தொடங்கினார்.

நாடே இடதுபக்கம் சாய்ந்திருந்த நேரம் அது. வலதுசாரி என்று வாய்விட்டுச் சொன்னாலே அடி விழும். இவரோ தன் கட்சி நடுவில் நிற்பது என்றார். 1976இல் சோசலிசத்தை நோக்கிப் போவதாகச் சொன்ன அரசியல் சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சி அதுதான். 1980இல் துணைப் பிரதமரானார். டிசம்பர் 4 அன்று பிரதமர் சா கார்னெய்ரோ விமான விபத்தில் இறந்தார். இவரோடு சேர்ந்து கட்சியைத் தொடங்கிய அமரோ டா கோஸ்டாவும் அதே விமானத்தில் போய்விட்டார். சில வாரங்கள் இவரே இடைக்காலப் பிரதமர்.

அப்புறம் 1986 ஜனாதிபதித் தேர்தல். இதை நீ ரசிப்பாய். முதல் சுற்றில் இவருக்கு 46 விழுக்காடு, அடுத்து வந்த சோசலிஸ்ட் மாரியோ சோரஸுக்கு வெறும் 25. யாரும் பாதியைத் தாண்டாததால் இந்த இருவருக்கும் இரண்டாம் சுற்று. இவர் ஜெயித்த மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்யூனிஸ்ட்களுக்கோ சோரஸ் ஜென்மப் பகை. ஆனால் அவர்களின் தலைவர் குன்யால் அவசரமாகக் கட்சி மாநாட்டைக் கூட்டி, வாக்குச்சீட்டில் சோரஸ் படத்தை ஒரு கையால் மூடிக்கொண்டாவது அவருக்கே குத்துங்கள் என்றார். குத்தினார்கள். நம்மவர் தோற்றது ஏறக்குறைய 1,40,000 வாக்கில். சிவில் வழக்கில் கடைசி வாய்தாவன்று கட்சிக்காரர் கைவிட்ட மாதிரி!

1992இல், தான் தொடங்கிய கட்சியிலிருந்தே வெளியேறினார். 1995இல் ஐ.நா. பொதுச்சபையின் ஐம்பதாவது கூட்டத்தொடருக்குத் தலைவர். இராக் போரை எதிர்த்தார். 2005இல் சோசலிஸ்ட் ஆட்சியிலேயே வெளியுறவு அமைச்சராகப் போய் உட்கார்ந்தார். பழைய கட்சிக்காரர்களுக்கு வந்ததே கோபம்! தலைமையகச் சுவரில் மாட்டியிருந்த நிறுவனர் படத்தைக் கழற்றி, சோசலிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் ஆள், நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், கட்சிதான் வலதுபக்கம் நகர்ந்துவிட்டது என்பது அவர் பக்கத்து வாதம். பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் எதிர் முகாமில் அமைச்சராக உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை என்றால் எந்த நீதிபதி ஒத்துக்கொள்வார்? அந்தப் பதவியும் ஒன்றே கால் வருடம்தான். உடல்நிலை காரணமாக 2006இல் விலகினார். வகுப்பை மட்டும் அவர் அநேகமாக விட்டதே இல்லை. 2019 அக்டோபரில் காலமானார்.

தேறினாரா என்றால், பரீட்சையில் ஒரு மார்க்கில் கோட்டை விட்டவர் என்பேன். நீ எத்தனை மார்க் போடுவாய் என்று எழுது.

நாம் கல்லூரி வாசலில் நின்று எடுத்த குரூப் போட்டோவும் கட்டில் மேல்தான் கிடக்கிறது. உன் முகத்தில் கரையான் அரித்திருக்கிறது. உன்னிடம் இன்னொரு பிரதி இருந்தால் அனுப்பு. நாளை மறுநாள் கூடத்துச் சுவர் காய்ந்துவிடும்.

அன்புடன்,
ராமு