தூரத்தை வைத்துப் பயண நேரத்தைச் சொல்ல முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோருக்கென்று தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், டெல்லி - சான் பிரான்சிஸ்கோ தூரமும் பயண நேரமும் ஒரே வரியில் தரப்பட்டிருந்தன. அந்த வரியை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள் அவதிப்பட நேரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே சுமார் 12,400 கி.மீ. தூரம். ஆனால் விமானம் எப்போதும் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகச் சென்றபோது, அந்தப் பழைய வழியைவிட ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடுதலாக, மொத்தம் சுமார் 15,300 கி.மீ. பறந்தும், அதைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளியதே இதற்குக் காரணம். பூமியின் சுழற்சியால்தான் பயண நேரம் மாறுகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அந்த ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுத்தும் கோடையில் தணிந்தும் வீசுவதால், ஒரே வழியில்கூட மாதத்துக்கு மாதம் நேரம் வேறுபடும்.

காற்றைப் போலவே அரசியலும் வழியை மாற்றுகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், வட அமெரிக்கா செல்லும் விமானங்கள் சில சுற்றிச் செல்லவும், எரிபொருள் நிரப்ப வியன்னா போன்ற நகரங்களில் இறங்கவும் வேண்டியதாயிற்று.

என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, பயண முகவர் சொன்ன பதினாறு மணி நேரத்தைக் கொண்டே ஊசிக்கும் உணவுக்கும் கணக்குப் போட்டிருந்தோம். வழியில் எரிபொருளுக்காக இறக்கப்பட்ட விமானத்துக்குள்ளேயே சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்ததில் அந்தக் கணக்கு முழுவதும் பிசகியது. மருந்து கைப்பையில் இருந்ததால் தப்பித்தார். பெட்டியோடு சரக்கறைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். இறங்கிய பிறகும் குழப்பம் தீரவில்லை. சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரமும், கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியது என்பதால், கிளம்பிய தேதியிலேயே அங்கே இறங்கியவருக்கு அடுத்த ஊசி எப்போது என்றே தெரியவில்லை.

எனவே, இனி இத்தகைய குறிப்புகளில் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விமானம் வழியில் இறங்குமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதும் கிளம்புவதற்கு முந்தைய நாளும் விசாரிக்கவும், இரண்டு வேளை மருந்தைக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளவும் ஒரு வரி சேர்த்தால், என்னைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சேலம்.