சுடோகு போடும் நாளிதழ் ஆசிரியர்களுக்கு: அந்த நாலு கட்டம்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு வயது 74. பேப்பர் விழுந்ததும் சுடோகு உள்ள தாளை மட்டும் உருவிக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விடுவார். சுடோகுவைப் பேனாவால் போடுவது திமிர் என்பது அவர் கட்சி. சாயங்காலம் சில்வர் பீச்சில் நடக்கும்போது, எத்தனை நிமிஷத்தில் முடித்தார் என்பதைக் கூட்டாளிகள் கேட்காமலே சொல்லிவிடுவார்.

போன மாதம் ஒருநாள் அவர் நடக்கவே போகவில்லை. உங்களில் ஒருவர் அன்று வெளியிட்ட விடையும் இவர் போட்ட விடையும் நாலு கட்டத்தில் இடித்தன. "மூளை மழுங்குதும்மா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். இரண்டாம், மூன்றாம் வரிசைகளும் ஐந்தாம், எட்டாம் பத்திகளும் சந்திக்கிற நாலு கட்டங்கள். இவர் மேலே 4, 9 என்றும் கீழே 9, 4 என்றும் எழுதியிருந்தார். அச்சான விடையில் அப்படியே தலைகீழ். வரிசை, பத்தி, ஒன்பது கட்டப் பெட்டி ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவை வர வேண்டும் என்பதுதானே சுடோகு விதி? மாற்றிப் போட்டுப் பாருங்கள்: வரிசையில் அதே எண்கள், பத்தியில் அதே எண்கள், ஒன்பது கட்டப் பெட்டியிலும் அதே எண்கள். இரண்டுமே சரி. தப்பு புதிரில்; சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அந்த நாலில் ஏதாவது ஒன்றை முதலிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தால் இந்த வினையே இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக நானும் சுடோகு கட்டுகிறவள்தான். முதலில் 81 கட்டத்தையும் நிரப்பிவிடுவேன். பிறகு ஒவ்வொரு எண்ணாக எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு தடவையும், வேறு விடைக்கு வழி திறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். திறந்தால், எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். கையால் செய்தால் பாதி ராத்திரி போய்விடும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு நொடி வேலை. அதையும் செய்யாமல் அச்சுக்கு அனுப்பினால் எப்படி?

எண்களைத் தாராளமாகக் கொடுத்தால் தப்பு வராது என்று நினைக்காதீர்கள். 17-க்குக் கீழே போனால் ஒரே விடையுள்ள சுடோகு கிடையவே கிடையாது என்று 2012-ல் டப்ளின் கணிதக்காரர்கள் கணினியை ஓடவிட்டுக் காட்டினார்கள். அது கீழ் எல்லை, அவ்வளவுதான். எங்களைப் படுத்திய புதிரில் 27 எண்கள் இருந்தன.

இந்த விளையாட்டை உருவாக்கியவராகக் கருதப்படும் ஹோவர்ட் கார்ன்ஸ், ஓய்வுபெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர். 1979-ல் அது முதன்முதலாக அச்சானபோது அவருக்கும் வயது 74. மாமனாரிடம் சொன்னேன். லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

தயவுசெய்து அச்சுக்கு அனுப்புமுன் ஒருதடவை சோதியுங்கள். தவறினால் மறுநாள் ஒரு வரி திருத்தம் போடுங்கள். இரண்டு விடையும் சரி என்று நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன். மருமகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார். அச்சில் வந்தால் நம்புவார்.