கூண்டுக்குள் கையை விடாதீர்கள்: கிளி வளர்க்கும் மட்டக்களப்பு வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அயல் ஊர்களிலும் கொக்கட்டீல், லவ் பேர்ட்ஸ் என்று ஆசையோடு கிளி வளர்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் என் மச்சான் வீட்டில் கண்ட காட்சியே இந்த மடலை எழுத வைத்தது. வாங்கி ஒன்பது நாளேயான கொக்கட்டீல் ஒன்று, கதவு திறந்திருந்தும் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. "வெளியில் எடுத்துவிட்டால்தான் பழகும்" என்று மச்சான் துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டார். அது கம்பிகளில் மோதி மோதி இரண்டு வாலிறகுகளை உதிர்த்தது. பிடியிலிருந்து நழுவி, அறைச் சுவர்களில் அடிபட்டு, அலுமாரிக்குப் பின்னால் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கிளிக்கு நானும் இதையேதான் செய்தேன்.

வாவிக்கு மேல் செம்பருந்து வட்டமிட்டால் முற்றத்துக் கோழி தன் குஞ்சுகளைச் செட்டைக்குள் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கிளியும் அப்படி அஞ்சிப் பிழைக்கும் உயிர்தான். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் கால். நம் கண்ணுக்குச் சிறையாகத் தெரியும் கூண்டுதான் தீனியும் தண்ணீரும் கிடைக்கிற, தனக்குத் தெரிந்த ஒரே இடம். அங்கேயும் கை வந்து பிடித்தால் அது எங்கே போய் ஒளியும்?

நான் துவாயால் பிடித்த நாளுக்குப் பிறகு மூன்று மாதங்களாக, என் நிழல் விழுந்தாலே என் கிளி கொண்டையை நிமிர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. அதன் நம்பிக்கையை மீட்க வேறு வழியில் போனேன். ஆட்கள் நடமாடும் விறாந்தையிலிருந்த கூண்டை, பின்புறம் சுவர் இருக்கும்படி அறை மூலைக்கு மாற்றி, நெஞ்சளவு உயரத்தில் வைத்தேன். தினமும் பின்னேரம் நான்கு மணிக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பத்திரிகை வாசித்தேன். நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவில்லை. உற்றுப் பார்ப்பது வேட்டை மிருகத்தின் பார்வை. கிளி இறகு கோதத் தொடங்கியதும், அலகை நறநறவென்று மெல்ல அரைத்ததும், அது ஆறுதலாக இருக்கிறது என்று அறிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தினைக் கதிர். முதலில் கூண்டின் நடுவில் கட்டினேன். சில நாட்கள் கழித்து வாசலருகே. அப்புறம் வாசல் கம்பியில். கடைசியாக, வாசலுக்கு வெளியே கட்டிய கொய்யாக் கொப்பில். கொண்டை நிமிர்ந்தால் அன்றைக்கு ஒரு படி பின்வாங்கினேன். 41ஆம் நாள் ஒரு காலைக் கொப்பில் வைத்தது, எடுத்தது, மீண்டும் வைத்தது. நான் அசையவில்லை. இரண்டு விதைகளைக் கொத்திவிட்டுத் தானே உள்ளே போய்விட்டது. தானாக வந்து தானாகத் திரும்ப முடிந்ததால்தான் மறுநாளும் வந்தது என்று நம்புகிறேன். அன்று நான் கதவை அடைத்துத் திரும்பும் வழியை மறித்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

பட்டினி போட்டு வெளியே வரவைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இத்தனை சிறிய உடம்பு ஒரு நாள் பசியையே தாங்காது. வழக்கமான தீனி நேரத்துக்குச் சற்று முன் கதவைத் திறந்தால் போதும். இன்னும் சிலர் செட்டையை வெட்டிவிடுகிறார்கள். பயந்த பறவைக்குத் தப்பி ஓடும் வழியும் இல்லையென்றால் அதன் பயம் கூடத்தான் செய்யும்.

கதவைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் புழுக்கம் தாங்காமல் யன்னலைத் திறந்து வைக்கிறோம்; கம்பிவலை இல்லாத யன்னலென்றால் அந்த நேரம் அடைத்துவிடுங்கள். நுளம்புத்திரியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் அதன் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கோயில் திருவிழாவில் வெடி போடும் நாளிலும் தீபாவளியிலும் பயிற்சியை விட்டுவிட்டுக் கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடுங்கள்.

புண்ணியம் என்று நினைத்து வெளியில் பறக்க விடுபவர்களிடமும் ஒரு வார்த்தை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்கும் பச்சைக்கிளிகள் இந்த மண்ணில் பிறந்தவை. கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்கு உரியது. கூண்டிலேயே வளர்ந்த அதற்கு இங்கே இரை தேடவும் தெரியாது, காகத்திடமிருந்து தப்பவும் தெரியாது. அறைக்குள் பறப்பதுதான் அதற்கு நாம் கொடுக்கக்கூடிய வானம்.

நேற்று மச்சான் தொலைபேசியில் அழைத்தார். தினைக் கதிர் கட்டிய வாசல் வரை வந்து, ஒரு விதையைக் கொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டதாம். "இன்றைக்கு அது போதும், மச்சான்" என்றேன். "கதவை அடைக்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். நாளைக்கும் அதே நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருங்கள்."

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு கிளி வளர்ப்பவர்