யாழ் பழைய நகர் பார்க்கப் போகிறோம்: யூன் 14

எல்லோருக்கும் வணக்கம். கதைத்தபடி யூன் 14, ஞாயிறு பயணம் உறுதி.

1. காலை 6.00 மணிக்குக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பஸ் வெளிக்கிடும். போன முறைபோல ஒருவருக்காக முக்கால் மணித்தியாலம் நிற்கமாட்டோம்.

2. முதலில் நல்லூர்: மந்திரிமனை என்ற பழைய மாளிகை, யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் அரண்மனை இருந்ததாகச் சொல்லும் சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி. பெயர்தான் ஏரி, உண்மையில் 'ப' வடிவக் கேணி.

3. பின்னேரம் கோட்டை. போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டியது. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், முருகைக்கல்லின் (கடல் பவளப்பாறைக் கல்) துளைகள் தெரியும். அப்புறம் மதிலில் ஏறினால் பண்ணைக் கடலில் பொழுது சாய்வதைப் பார்க்கலாம். எனக்கு இதுதான் முக்கியம்.

4. தொப்பி, தண்ணீர் கட்டாயம். நிறைய நடக்க வேண்டும், குதி உயர்ந்த செருப்பு வேண்டாம்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் எடுக்கமாட்டேன்.